ஏக சந்தைக் கிராக்கி

பிப்ரவரி 5, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. வருசா வருசம் கொடுப்பார். வருசா வருசம் தாள் தாளாகக் கிழித்துப் பூரிக்கு எண்ணெய் வடிய வைப்பேன். இந்த வருசம் எழுத வேண்டியதாகிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் உத்தரவு. பெயர் ரெபெக்கா, ஊர் ராயபுரம், வாயைத் திறந்தால் மெட்ராஸ் பேச்சு. திங்களும் வெள்ளியும் வருவாள். "ஆன்ட்டி, அங்கிள் எந்த சவுண்டு குடுத்தாலும் எழுதி வைங்க. எப்ப, எதுக்குன்னு. ஞாபகம் இருக்கும்னு அசால்ட்டா விட்றாதீங்க" என்றாள்.

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். பொள்ளாச்சிச் சந்தையில் காய்க்கடை போட்டிருந்த நாச்சிமுத்துவின் மகள் மயிலாத்தாள் நான். சின்னப் பிள்ளையாக அப்பன் கடையில் உட்கார்ந்திருப்பேன். எந்த ஓட்டலுக்கு எவ்வளவு வெண்டைக்காய், எந்தக் கல்யாண வீட்டுக்கு எத்தனை பூசணிக்காய் என்று ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். சாயங்காலம் வண்டி ஏற்றும்போது ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். இந்த வயதிலும் பால்காரர் நம்பரைக்கூட நான் போனில் பதிந்ததில்லை. எனக்கு எதற்கு டைரி? இருந்தாலும் படித்த பெண் சொல்கிறாள், எழுதித் தொலைக்கிறேன்.

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலை, என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை நழுவ விட்டார். கிட்டுசாமி வாத்தியார் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், ஆயுசெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. கோயமுத்தூரில் வைத்துப் பார்த்து உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வாய்கூட நேராகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா" என்ற ஒரே எழுத்துதான் வருகிறது.

இன்று காபிக்கு "தா". ஜன்னலைச் சாத்தச் சொல்லி "தா". நான் சேலையை மிதித்துத் தடுமாறினபோது "தா, தா". இதில் என்னத்தை எழுதுவது?

பிப்ரவரி 6, செவ்வாய்

தா. ரசம் கொட்டிவிட்டது. தா.

பிப்ரவரி 9, வெள்ளி

ரெபெக்கா வந்தாள். பயிற்சி என்றால் என்னவோ மெஷின் எல்லாம் வைப்பாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. எதிரில் உட்கார்ந்து உதட்டைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் இல்லாத நாளில் நான் நடத்த வேண்டுமாம்.

இப்படி ஒருவர் சொல்லி ஒருவர் திருப்பிச் சொல்லும் பாடத்துக்குப் பழைய காலத்தில் சந்தை என்று பேர். எனக்கு அதைச் சொன்னதே இவர்தான். எப்போது, எங்கே வைத்துச் சொன்னார் என்பது வேறு கதை. அதை இதில் எழுதப் போவதில்லை.

"தண்ணி" என்றேன். "தா" என்றார். "சோறு" என்றேன். "தா." நூறு தடவை சொன்னேனோ என்னவோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்போட்டால் இவர் சொல்வார், "உருன்னா தடவைன்னு அர்த்தம். ரொம்பத் தடவை போட்டா அது நெட்டுரு. மண்டையில ஏறும், மனசுல ஏறாது" என்று. இப்போது மண்டையிலாவது ஏறட்டும் என்று நான் நெட்டுருப் போட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போகும்போது ரெபெக்கா கேட்டாள், "வீட்ல உங்கள எப்படிக் கூப்டுவாரு ஆன்ட்டி? அந்தப் பேரைச் சொல்ல வெப்போம்."

"பேரைச் சொல்லித்தான். மயிலான்னு" என்றேன்.

உடனே "மயிலா" என்று சொல்லிக் கொடுத்தாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "தா" என்றார். அந்தப் பார்வையை எழுதத் தேவையில்லை, அது சத்தம் இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

பழைய தலைமையாசிரியர் சுப்பையன் பார்க்க வந்தார். இவருக்குக் காது போய்விட்டது என்று யார் சொன்னார்களோ, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கிட்டுசாமி, என்னைத் தெரியுதா, நாந்தான் சுப்பையன்" என்றார். தெரியாமல் என்ன? ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அட்டாவதானியாட்ட இருந்த மனுசன்ம்மா. நெனைவு எல்லாம் போச்சாட்டிருக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நெனைவெல்லாம் பத்தரமா இருக்குதுங்க. வார்த்தைதான் வர மாட்டீங்குது" என்றேன். அதற்குள் இவர் இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார். சுப்பையன் வேட்டி முழுக்கக் காபி. "தா" என்று ஒரு சத்தம், இது வரைக்கும் வந்ததிலேயே பெரிய சத்தம். கோபம் என்று எழுதிக்கொள்கிறேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுசனுக்கு ரோசம் அப்படியே இருக்கிறது.

அவதானம் என்றதும் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகம் வந்தது. எங்கள் மகள் பூங்கோதை அப்போது கைக்குழந்தை. ஒரு அவதானியைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்கிறார், ஒருவர் சதுரங்கம் ஆடுகிறார், ஒருவர் முதுகில் பூப் போடுகிறார், ஒருவர் நினைத்தபோது மணி அடிக்கிறார். கடைசியில் அவர் எத்தனை பூ, எத்தனை மணி என்பது வரைக்கும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். கூட்டம் கை தட்டிற்று. நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மணியையும் பூவையும் எண்ணிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் இரண்டையும் சொன்னேன். நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"அவதானம்னா எல்லாரும் நெனைவுன்னு நெனைச்சுக்கறாங்க. கவனம்னுதான் அர்த்தம். எட்டுப் பக்கம் கவனம் வெச்சா அட்டாவதானம், நூறு பக்கம் வெச்சா சதாவதானம். அதைத்தான் தமிழ்ல கவனகம்ங்கறாங்க" என்றார்.

"அப்ப நெனைவுக்கு அதுல வார்த்தையே இல்லீங்களா?" என்றேன்.

"அதெதுக்குத் தனியா? கவனிச்சா நெனைவு தானா இருக்கும்."

அன்றைக்குக் குழந்தையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மகாலிங்கபுரம் திருப்பத்தில் நிலக்கடலை வாங்கினோம்.

பிப்ரவரி 15, வியாழன்

சந்தை நாள். போகவில்லை. இவரை விட்டுவிட்டு எங்கே போவது? தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வாங்கினேன். நறுக்கினால் பாதி சொத்தை. நாச்சிமுத்துவின் மகளை ஏமாற்றிவிட்டுப் போகிறான் ஒருத்தன், அந்த அளவுக்கு வந்துவிட்டது காலம்.

இன்று ஒன்று நடந்தது. எழுதலாமா என்று யோசித்து, எழுதுகிறேன். அரிசி களையும்போது, பேப்பரை நழுவ விட்ட நாளுக்கு முந்தின சாயங்காலம் இவர் கடைசியாக என்ன பேசினார் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. "தோசைக்கு ஆட்டீட்டயா? காரச் சட்னி அரைச்சுரு. அந்த வெளக்க அணைச்சுப் போடு." ஒரு எழுத்து குறையவில்லை. ஆனால் அதெல்லாம் என் குரலில் கேட்கிறது. என் குரல் சொல்கிறது தோசைக்கு ஆட்டீட்டயா என்று. அவர் குரலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அரிசி கழுவின தண்ணீர் நிரம்பி வழிந்தது.

மகள் பூங்கோதைக்குப் போன் செய்தேன். ஓசூரில் இருக்கிறாள். "அப்பா பேசினது எதாச்சும் போன்ல வெச்சிருக்கியா கண்ணு?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். அந்தப் புள்ள கேட்டா" என்றேன்.

அவருடைய பணி ஓய்வு விழாவில் எடுத்த வீடியோவை அனுப்பினாள். "அவையோர் அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்" என்று நிமிர்ந்து நிற்கிறார். நல்ல குரல்தான். அது பள்ளிக்கூடத்துக் குரல். எனக்கு வேண்டியது அடுப்படியில் வந்து நின்று பேசுகிற குரல். அதை யார் வீடியோ எடுத்தார்கள்?

ஊரில் எல்லோர் சொன்னதையும் பிடித்து வைத்திருக்கிறேன். இவர் சொன்னதையும் வைத்திருக்கிறேன். குரலை வைத்துக்கொள்ளவில்லை. தினமும் இருக்கிறதுதானே என்று கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அவதானத்துக்கு அவர் சொன்ன அர்த்தம்தான் சரி போலிருக்கிறது.

தா: காலையில் இரண்டு, மதியம் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ரெபெக்கா எவ்வளவோ கெஞ்சினாள். "தண்ணி, சோறு" என்று எத்தனை நாள்தான் சொல்வார்? பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தின வாய்.

வாசலில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள். "ஆன்ட்டி, மொதல் சில மாசந்தான் முக்கியம். அங்கிள் இப்பவே வெறுத்துட்டாருன்னா கஷ்டம். யோசிக்காமலே வாய்ல வர்ற வார்த்தை ஏதாவது இருக்குமே. சாமி பாட்டு, பழமொழி, திட்டு, எதுவா இருந்தாலும் பரவால்ல. நாம பாதி சொன்னா மீதிய அவரே முடிக்கற மாதிரி."

"திட்டமாட்டாருங்க. புள்ளைங்களைக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்வாரு."

"செல்லப் பேரு ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல" என்றேன். இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

மதியம் பழமொழி சொல்லிப் பார்த்தேன். "ஆடத் தெரியாதவளுக்கு..." என்று நிறுத்தினேன். சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "அகத்தின் அழகு..." ஒன்றுமில்லை. "கத்தரிக்கா முத்துனா..." என்றபோது மட்டும் தோள் அசைந்தது. சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்றும் சந்தை நாள். இன்றும் போகவில்லை. இவர் தூங்குகிறார். துவைத்த துணி காய்கிறது. எழுதப் போவதில்லை என்று சொன்ன அந்தக் கதையை எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இவர், இவருடைய அம்மா, பெரியம்மா, கூடவே ஒரு வேன் ஒறம்பரை. எங்கள் பக்கம் சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். பெரியம்மா கதவோரம் நின்ற என்னிடம் ஒவ்வொருவராகக் காட்டி, பேர், ஊர், முறை எல்லாம் சொன்னார். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு டீ என்று அதுவும் சொன்னார். ஒரே தடவை, மூச்சு விடாமல்.

நான் தட்டத்தோடு வந்தேன். "கோமங்கலத்துச் சித்தப்பாவுக்கு டீங்க. நெகமத்து அத்தைக்குச் சர்க்கரை தூக்கலாங்க. கெடிமேட்டு மாமாவுக்குச் சர்க்கரையே போடலைங்க." இப்படியே வரிசை முழுக்கக் கொடுத்துக்கொண்டு போனேன். கடைசியில் இவர். டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்து, வாய் தவறிப் போய், "அடேங்கப்பா, ஏகசந்தக்கிராகி" என்றார்.

என் காதில் விழுந்தது ஏக சந்தைக் கிராக்கி.

சந்தையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படிக் கேட்கும்? கிராக்கி என்றால் காய் வாங்க வருகிற ஆள். அதிலும் வெண்டைக்காயை எல்லாம் முனை ஒடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவளைப் பார்த்துத்தான், "வந்துட்டாடா கிராக்கி" என்று அப்பன் பல்லைக் கடிப்பார். ஏக என்றால் ஏகப்பட்ட. சந்தைக்காரன் மகள் என்று நாலு பேர் முன்னால் குத்திக் காட்டுகிறான் மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டேன்.

"ஆமாங்க, சந்தைக் கிராக்கிதானுங்க. எங்கப்பன் சந்தையில காய் விக்கறவருதான். புடிக்கலைன்னா காபியக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போலாமுங்க" என்றேன்.

அப்பன் முகம் வெளுத்துவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் மட்டும் சிரித்தார். வாயைப் பொத்திப் பொத்திச் சிரிக்கிறார், சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம். வேன் கிளம்பிப் போய்விட்டது. "இனி எவன் வருவான் உனக்கு?" என்று அம்மா அந்த வாரம் முழுக்க ஏசினாள்.

அடுத்த வியாழக்கிழமை நல்ல கூட்டத்தில் கடைக்கு முன்னால் வந்து நின்றார். மஞ்சள் பை ஒன்று. "அரைக் கிலோ கத்தரிக்காங்க" என்றார். நான் முகத்தைப் பார்க்காமல் பொறுக்கிப் போட்டேன். நகரவில்லை.

"நான் உங்களைத் திட்டலைங்க. அது ஏகசந்தக்கிராகி. நீங்க நெனைக்கற சந்தை இல்லைங்க. வாத்தியாரு ஒரு வரி சொல்ல, படிக்கறவங்க திருப்பிச் சொல்வாங்கல்ல, அந்தப் பாடத்துக்கும் சந்தைன்னு பேரு. கிராகின்னா புடிச்சுக்கறவங்க. மத்தவங்களுக்குப் பல தடவை சொல்லோணும். ஒரே ஒரு தடவை சொன்னதும் புடிச்சுக்கறவங்களுக்கு அந்தப் பேரு. புகழ்ச்சியாத்தானுங்க சொன்னேன்."

பின்னால் நின்ற அம்மாள், "ஏந்தம்பி, பாடம் நடத்தறதுன்னா பள்ளிக்கூடத்துக்குப் போ சாமி. நான் வெண்டைக்கா எடுக்கோணும்" என்றாள்.

நான் கேட்டேன், "கிராகிங்களா, கிராக்கிங்களா?"

"கிராகிங்க. ஒரு 'க்'தான் வித்தியாசம்."

"அந்த 'க்' எங்க கடையோடதுங்க. எங்க கடையில எதையும் கழிச்சுக் குடுக்கறதில்ல" என்றேன்.

அந்த 'க்'கோடுதான் என்னைக் கட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் நோட்டில் ஒரு ஒற்று மிகுந்தால் சிவப்பு மையால் சுழிக்கிற மனுசன், வீட்டுக்குள் வந்தால் வாய் நிறைய "கிராக்கி" என்றுதான் கூப்பிடுவார். "ஏ கிராக்கி, என் கண்ணாடியப் பாத்தியா?" நாலு சுவருக்குள் மட்டும். நான் ஒவ்வொரு தடவையும், "எனக்குன்னு பேரில்லீங்களா?" என்று எரிந்து விழுவேன். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. சிரித்தால் விட்டுவிடுவாரோ என்று இருந்தது.

அவ்வளவுதான் கதை. துணியை எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

வெட்கத்தில்தான் ரெபெக்காவிடம் அந்தப் பேரைச் சொல்லவில்லை என்று நேற்று வரை நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. வெட்கம் இல்லை, பயம். "தண்ணி" என்றதற்குத் "தா" என்றார், "மயிலா" என்றதற்குத் "தா" என்றார், தாங்கிக்கொண்டேன். அந்த ஒன்றைச் சொல்லி அதற்கும் "தா" என்றுவிட்டால், அப்புறம் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

பிப்ரவரி 26, திங்கள்

ரெபெக்கா வந்தாள், போனாள். தா.

பிப்ரவரி 29, வியாழன்

இவரை ஆட்டோவில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. பூங்கோதையிடம் சொன்னால் குதிப்பாள்.

ஞாபகம் என்றால் தெரியப்படுத்துவது என்று அர்த்தமாம். "உள்ள கெடக்கறது நெனைவு. அதைத் தட்டி எழுப்பற பொருளுக்குத்தான் மொதல்ல ஞாபகம்னு பேரு" என்று ஒரு தடவை சொன்னார். அப்படியானால் சந்தையைக் காட்டித் தட்டிப் பார்ப்போமே என்று நினைத்தேன்.

ஆட்டோவை எங்கள் பழைய கடைக்கு எதிரில் நிறுத்தச் சொன்னேன். இப்போது அங்கே வேறு ஆள் இருக்கிறார், வாழைக்காய் போட்டிருக்கிறார். ஒரே இரைச்சல், மூட்டை தூக்குகிறவர்கள், வெயில். இவர் இடது கையால் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் அசைந்தது. "தா" என்றார்.

சரி, வந்ததற்குக் காயாவது வாங்குவோம் என்று அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வீடு வரைக்கும் அதை விடவே இல்லை. இறங்கும்போது வாங்கப் பார்த்தேன், கொடுக்க மாட்டேன் என்று இறுக்கிக்கொண்டார்.

சின்ன வெங்காயம் உரித்தேன். இந்த வருசம் வெங்காயம் ரொம்பக் காரம்.

மார்ச் 4, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரெபெக்கா ஒரு பலகை கொண்டுவந்தாள். கட்டம் கட்டமாகப் படம் ஒட்டியிருந்தது. தண்ணீர், சோறு, கக்கூஸ், மாத்திரை, வலி. "அங்கிளுக்கு வேணுங்கறத கைய வெச்சுக் காட்டுனாப் போதும் ஆன்ட்டி. பேச்சு வர்ற வரைக்கும் இது ஈஸி" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறாள், எத்தனை நாள் உட்கார்ந்து ஒட்டினாளோ. கடைசிக் கட்டத்தில் என் போட்டோ இருந்தது. பூங்கோதையிடம் வாங்கியிருக்கிறாள். கீழே "மனைவி" என்று எழுதியிருந்தது.

இவர் அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கை விரல் மெதுவாக நகர்ந்து என் போட்டோ மேல் வந்து நின்றது. ரெபெக்கா கை தட்டினாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். மாத்திரைக்கும் கக்கூசுக்கும் பக்கத்தில் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இனி என்னைத் தொட்டுக் காட்டித்தான் கூப்பிடுவாரா? பயம் எல்லாம் அந்தக் கோபத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதைக் கொஞ்சம் அக்கட்டால வை கண்ணு" என்று பலகையை வாங்கி ஓரமாக வைத்தேன். இவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரெபெக்கா சொல்லிக் கொடுத்த மாதிரி உதடு தெரிய, மெதுவாக, பாதியைச் சொன்னேன்.

"ஏக..."

கண்ணைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏக சந்தை..."

"தா" என்றார்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். இவர் இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். இன்னொரு தடவை சொல்லு என்கிறார். உட்கார்ந்து சொன்னேன்.

"ஏக சந்தை..."

உதடு கூடிற்று, பிரிந்தது. தொண்டையில் என்னவோ புரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. முகமெல்லாம் வேர்த்து, "கி" என்றார். நின்றது. மறுபடி, "கிரா... கிராக்கி."

கேட்டேன். நடுவில் அந்த 'க்' இருந்தது.

ரெபெக்கா பதறிப் போய்விட்டாள். அவர்கள் ஊரில் அது நல்ல வார்த்தை இல்லை, சாவு கிராக்கி என்றுதான் ஏசுவார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி வியாதில மொதல்ல திட்டுதான் வரும். மனசுலருந்து சொல்றது இல்ல, வாய் தானா சொல்றது" என்றாள்.

"மனசுலருந்துதான் சொல்றாரு கண்ணு" என்றேன். இவரைப் பார்த்து, "எனக்குன்னு பேரில்லீங்களா?" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருசம் அடக்கி வைத்த சிரிப்பு. இவரும் சிரித்தார், ஒரு பக்க உதடு மட்டும். சிரித்துக்கொண்டே அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன். வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை.

ரெபெக்காவுக்கு முழுக் கதையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அப்போ வார்த்தை இருக்கு ஆன்ட்டி. ஒண்ணு வந்துச்சுல்ல, மத்ததுக்கும் வழி இருக்கு" என்றாள். போனை எடுத்து நீட்டி, "அங்கிள், இன்னொரு தடவை, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றாள். இவர் முயற்சி செய்தார். "தா" வந்தது. மறுபடியும் "தா". சாயங்காலம் வரைக்கும் அதேதான். அவள் முகம் வாடிப் போய்விட்டது. "சே, மொதல்லயே ஆன் பண்ணி வெச்சிருக்கணும்."

"பரவால்ல விடு கண்ணு" என்றேன்.

பழைய குரல் இல்லை அது. கரகரவென்று, பாதிக்குமேல் மூச்சாகத்தான் வந்தது. முதல் எழுத்து இறங்கி, நடுவில் தட்டி, கடைசியில் கொஞ்சம் ஏறிற்று, எதையோ கேட்கிற மாதிரி. இப்போது அடுப்படியில் நின்று நினைத்துப் பார்க்கிறேன், கேட்கிறது. என் குரல் இல்லை, அவர் குரலேதான். ஒரே தடவைதான் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.